படித்துறையில் பாசி: மிகுபுனைவுப் பயிலரங்கு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறையில் நீங்கள் நடத்திய பயிலரங்கில் பிள்ளைகள் எழுதிய மாயக்கதைகளைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம்தான் வந்தது. மொத்தம் 41 கதை. கூலியில் குறை ஒன்றும் இல்லை. கதைகளைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

22 வருடமாக அடுத்தவர் எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், முனைவர் பட்ட ஆய்வேடு, வக்கீல் நோட்டீஸ், எல்லாம் உண்டு. ஒரு சொல் அடிக்கடி வந்தால் கண் பார்ப்பதற்கு முன்னாலேயே விரல் அடித்துவிடும். இந்த 41 கதையில் என் விரலுக்கு அப்படிப் பழகிப்போன சொல் 'முறைத்தான்'. நாயகன் முறைக்கிறான், மந்திரவாதி முறைக்கிறான், யட்சி முறைக்கிறாள். ஒரு கதையில் றெக்கை முளைத்த எருமை ஒன்று பாளையங்கால்வாய்க்கு மேலே பறந்து வருகிறது. அதைப் பார்த்தும் நம்ம நாயகன் முறைக்கத்தான் செய்கிறான். நானாக இருந்தால் கையில் இருக்கிற டீயைக் கொட்டியிருப்பேன்.

காரணம் என்னவென்று பார்த்தால், ஒவ்வொரு கதையோடும் ஒரு படிவம் பின் அடித்திருக்கிறது. பாத்திரத்தின் பெயர், வயது, ஆயுதம், அப்புறம் 'குண வகை'. 16 வகையில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். முக்கால்வாசிப் பிள்ளைகள் தனிமையை விரும்பும், அதிகம் பேசாத, கோபத்தை அடக்கிவைத்திருக்கும் ஆளைத்தான் தேர்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் முறைக்காமல் என்ன செய்வான்?

அந்தப் 16 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். உளவியலாளர் கார்ல் யுங் ஆட்களின் குண வகைகளைப் பற்றி 1921-இல் எழுதியதை வைத்து, காத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் அமெரிக்காவில் உருவாக்கியது. உயிரோடு இருக்கிற ஆட்களுக்காகச் செய்தது அது. அந்த ஆளே கொஞ்ச நாள் கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் எழுதினால் வேறு வகை வருவதும் உண்டு. 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலும் பாத்திரங்களை ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று பிரித்தார்கள். பிறகு நன்மை தீமையையும் சேர்த்து அது ஒன்பது கட்டமாக வளர்ந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு, 'என் ஆள் இப்போது என்ன செய்வான்' என்று சட்டென்று முடிவெடுக்க ஒரு பிடி வேண்டும். அங்கே அது சரி. கதைக்கு அந்த அவசரம் எதற்கு?

வெளிநாட்டுச் சரக்கு என்பதால் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உடம்பையும் குணத்தையும் வகை பிரிப்பது நம்மிடமும் உண்டு. 1964-இல் தொடங்கிய சித்த மருத்துவக் கல்லூரி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளின் கட்டுரைகளை எத்தனையோ தட்டியிருக்கிறேன். வாதம், பித்தம், கபம் என்று வகை மூன்றுதான். ஆனால் நாடி பார்க்கிறவர் மூன்று விரலை வைத்து மூன்றையும் ஒரே கையில் பார்க்கிறார். நாடித் துடிப்பின் அளவை மாத்திரை என்பார்கள்; வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை, கபம் கால் என்பது கணக்கு. பித்த உடம்புக்காரன் என்றால் அவனுக்கு மற்ற இரண்டும் இல்லை என்று அர்த்தமில்லை. காலையில் பார்த்த நாடி ராத்திரியில் அப்படியே இருக்காது என்றும் அந்தக் கட்டுரைகளில் வரும். உங்கள் படிவத்தில் டிக் ஒன்றே ஒன்றுதான்.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்கிற மெய்ப்பாட்டியல் பற்றிய ஆய்வேடு ஒன்றை மூன்று தடவை திருத்தித் திருத்தி அடித்ததில் அதுவும் மனப்பாடம் ஆகிவிட்டது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இவன் வெகுளிக்காரன், அவன் அச்சக்காரன் என்று தொல்காப்பியர் ஆளைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு உணர்ச்சியும் எதிலிருந்து வருகிறது என்று நாலு நாலாகச் சொல்கிறார். வெகுளி வருவது உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கால்: உறுப்பை வெட்டுவது, குடும்பத்துக்குக் கேடு செய்வது, அடித்து வைது அலைக்கழிப்பது, கொல்லப் பார்ப்பது. அச்சம் வருவது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கால். இதைவிட மிகுபுனைவுக்காரனுக்கு என்ன வேண்டும்? பேய் இருக்கிறது, மிருகம் இருக்கிறது, திருடன் இருக்கிறான், ராஜாவும் இருக்கிறான். மருட்கை, அதாவது வியப்பு, வருவது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கால். 41 கதையிலும் தேடிப் பார்த்தேன், ஒரு பாத்திரம்கூட வாயைப் பிளக்கவில்லை. மாயக்கதையில் வியப்பே இல்லையென்றால் எப்படி?

நம்ம பக்கத்துச் சுடலைமாடனை எடுத்துக்கொள்ளுங்கள். கோபக்காரச் சாமி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கொடையில் சாமி கதையை வில்லுப்பாட்டாகப் பாடுகிறவர் கோபத்திலிருந்தா ஆரம்பிக்கிறார்? விளக்குச் சுடரிலிருந்து பிள்ளை பிறக்கிறது. அந்த இடம் வந்ததும் பெண்கள் குலவை போடுகிறார்கள். பிள்ளை ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறது. வாடை தெரிந்து, பெற்றவர்களான சிவனும் பார்வதியுமே அவனைப் பூமிக்கு அனுப்பிவைக்கிறார்கள். இத்தனையும் கேட்ட பிறகுதான் சாமியின் கோபம் கதையில் வருகிறது. பசியும், வீட்டைவிட்டு அனுப்பப்பட்டதும் அந்தக் கோபத்துக்குள் கிடக்கின்றன. சாமியாடி ராத்திரியில் மயானவேட்டை என்று சுடுகாட்டுக்குப் போகும்போது ஒதுங்கி நிற்கிற கூட்டம், அவர் திரும்பி வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநீறுக்கு வரிசையில் நிற்கும்.

இசக்கியம்மன் இன்னும் கஷ்டம். சில மண் சிலைகளில் கையில் ஒரு பிள்ளை இருக்கும், பல்லுக்கிடையில் இன்னொரு பிள்ளை இருக்கும். அதே அம்மன் கோயில் மரத்தில்தான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். எந்தக் கட்டத்தில் டிக் போடுவீர்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதிய கதையில், தாமிரபரணிப் படித்துறையில் ஒரு நீர்ப்பேய் இருக்கிறது. படிவத்தில் 'கோபம்' என்று டிக் போட்டிருக்கிறது. ஆற்றில் துணி மூட்டையைத் தூக்கிப்போட்டவனை அது இழுத்துக்கொண்டு போகிறது. வழக்கமான கதைதான். ஆனால் கையெழுத்துப் பிரதியில் ஒரு வரியின் குறுக்கே சிவப்புக் கோடு கிடக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாசிக்கலாம்: 'ஆனால் சின்னப் பிள்ளைகள் குளிக்க வரும் படியில் மட்டும் அது ராத்திரியோடு ராத்திரியாகப் பாசியைத் தேய்த்து எடுத்துவிடும்.' ஓரத்தில் பெரியவர் கையெழுத்தில், 'குணத்துக்குப் பொருந்தவில்லை'.

யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. 41 கதையில் நான் தட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது அந்த ஒரு வரிக்காகத்தான். அதற்குப் பிறகு அந்தப் பேய் ஆளை இழுக்கும்போது எனக்குப் பயமும் வந்தது, அதன்மேல் ஒரு பாவமும் வந்தது.

அடுத்த தடவை படிவம் அடிக்க வருவீர்கள் அல்லவா, அந்தக் குண வகைக் கட்டத்தை எடுத்துவிட்டு, 'இது எதைக் கண்டு பயப்படும்? யாரிடம் மட்டும் கோபப்படாது?' என்று இரண்டு கேள்வி போட்டுத் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.

சிவப்புக் கோடு போட்டு நீக்கிய வரியை நானாகச் சேர்ப்பது என் தொழிலுக்கு அழகில்லை. அதனால் கேட்டு எழுதுகிறேன். 63-ஆம் பக்கம், இரண்டாம் பத்திக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டுவைத்திருக்கிறேன். கோப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குத் தகவல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிடிபி கடைக்காரன்
பாளையங்கோட்டை