ஜூன் 5 விதைக்கு, ஐப்பசி கன்றுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நம் பள்ளிகளில் மரக்கன்று நடுகிறோம். அடுத்த ஜூனில் பல பள்ளிகளில் அதே குழியில் வேறொரு கன்று நிற்கிறது. பழையது பட்டுப்போனதற்குப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றாததுதான் காரணம் என்று பேசி முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் மேல் பிழையில்லை. நடும் நாளே நம் மண்ணுக்குப் பொருந்தவில்லை.

இந்த நாள் 1973 முதல் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டின் மரம் நடும் விழாவான வன மகோத்சவம் 1950 முதல் ஜூலை முதல் வாரத்தில் நடக்கிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாநிலங்களுக்கு இந்த இரண்டும் தோதான காலம். தமிழ்நாட்டுக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கிடைக்கிறது. ஜூன் தொடக்கத்தில் வேலூரிலோ திருச்சியிலோ ராமநாதபுரத்திலோ கத்திரி வெயிலின் சூடு மண்ணைவிட்டு இறங்கியிருக்காது. மாலையில் ஓர் இடிமழை பெய்தாலும் மேல்மண் நனைந்து இரண்டே நாளில் காய்ந்துவிடும். நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி, தென்காசியின் மலையோரம் ஆகிய பகுதிகள் இதற்கு விலக்கு. அங்கே ஜூன் நடவு சரிதான்.

‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பதை அறியாத ஊர் நம்மிடம் இல்லை. ஐப்பசியில் நட்ட கன்றுக்கு இரண்டு மாத மழை, அதன் பிறகு மார்கழிப் பனி. கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும்போது அதன் வேர் ஆறு மாத வயதில் கீழே இறங்கியிருக்கும். எனவே பள்ளிக் கல்வித் துறை நடவு நாளை ஐப்பசி பிறப்பை ஒட்டிய அக்டோபர் 15-க்கு மாற்ற வேண்டும். அன்று அப்துல் கலாம் பிறந்தநாள். காலாண்டு விடுமுறையும் முடிந்திருக்கும்.

அதற்காக ஜூன் 5-ஐக் கைவிட வேண்டியதில்லை. அன்று விதை வேலையைத் தொடங்கலாம். வேம்பும் நாவலும் பழுத்து உதிர்வது ஜூன், ஜூலையில்தான். வேப்பங்கொட்டையை எடுத்து வைத்துப் பிறகு விதைக்க முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத் திறன் சரிந்துவிடும். கீழே விழுந்த பழத்தின் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் ஒரு நாள் உலர்த்தி, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்த நாற்றுப்பையில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும். பையின் அடியில் நான்கு ஓட்டை அவசியம். இல்லாவிட்டால் நீர் தேங்கி வேர் அழுகும். இந்த நாற்று அதே ஐப்பசியில் நடும் அளவுக்கு வளராது. அடுத்த ஐப்பசியில்தான் இடுப்பளவு உயரமும் பென்சில் கனமும் வரும். ஆறாம் வகுப்பில் விதை ஊன்றிய பிள்ளை ஏழாம் வகுப்பில் அதை நடும். பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அதன் நிழலில் உட்காரும்.

குழியைப் புரட்டாசியிலேயே எடுத்துவிட வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டு அடி. மேல் ஓரடி மண்ணைத் தனியே குவித்து, குழியை இரண்டு வாரம் வெயிலில் ஆறவிட்டால் வேர்ப்புழு குறையும். பள்ளி வளாகத்தில் தோண்டினால் பெரும்பாலும் செங்கல் ஜல்லியும் சிமென்ட் கட்டியும்தான் வரும். அதைத் திரும்பக் குழியில் தள்ளக் கூடாது. தனியே வைத்த மேல்மண்ணோடு ஐந்து கிலோ மக்கிய தொழு உரமும் 200 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் கறையான் வரும், வேரும் வெந்துபோகும்.

நடும்போது நடக்கும் பெரிய தவறு, பிளாஸ்டிக் பையோடு புதைப்பது. அவசரத்தில் இது நடந்துவிடுகிறது. பையை பிளேடால் நெடுக்காகக் கீறி, மண்கட்டி உடையாமல் எடுத்து, அடியில் சுருண்டு கிடக்கும் வேரை நறுக்கிவிட வேண்டும். சுருள் வேரோடு நட்ட கன்று சில ஆண்டு செழித்துவிட்டு ஒரு புயலில் அடியோடு சாயும். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில்தான் தண்டு நிற்க வேண்டும். கார்த்திகைக் காற்று புதுக் கன்றை ஆட்டி வேரை அறுக்கும் என்பதால், மண்கட்டிக்கு வெளியே ஒரு குச்சி ஊன்றி, சணல் கயிற்றால் எட்டுப் போலச் சுற்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பி வேண்டாம். தண்டு பருக்கும்போது பட்டைக்குள் இறங்கிவிடும். களிமண் நிலமாக இருந்தால் மழைநீர் தேங்கும். அங்கே அரையடி மேடு கட்டி நடுவதே நல்லது.

ஆடு கடிக்காமலிருக்க, கன்றைச் சுற்றி வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) முள் வைத்தாலே போதும்.

தை பிறந்த பிறகு வாரம் இருமுறை பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். சத்துணவுக் கூடத்தில் அரிசி, காய்கறி கழுவிய நீரே பல கன்றுகளுக்குப் போதும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது வேரை மேலேயே தங்க வைக்கும். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் கன்றைச் சுற்றி நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பலாம், தண்டைத் தொடாமல். கோடை விடுமுறைக்குப் பானை முறை கைகொடுக்கும். ஏழெட்டு லிட்டர் மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, பருத்தித் துணித் திரி செருகி, கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து மூடி வைத்தால் நீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். பெயின்ட் பூசிய பானை கசியாது. நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்ப, பள்ளித் தெருவிலேயே குடியிருக்கும் பிள்ளைகளுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் முறை போட்டுக் கொடுக்கலாம்.

வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை, மகிழம் நடலாம். கைகழுவும் குழாயின் கழிவுநீர் ஓடும் இடத்தில் பூவரசு நன்றாக வரும். சுவரிலிருந்து 15 அடி தள்ளி நட வேண்டும். மின்கம்பிக்கு நேர் கீழே நெல்லி, கொய்யாவைவிட உயரமாக வளரும் மரம் வேண்டாம். ஆல், அரசு நட விளையாட்டுத் திடலின் மூலைதான் இடம். முருங்கைக் கிளை பட்டென்று முறியும், பிள்ளைகள் ஏறும் இடத்தில் ஆகாது. வேகமாக வளர்கிறது என்று கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தை வைக்கவே கூடாது.

இன்று பள்ளிகளிடம் நட்ட எண்ணிக்கையும் படமும் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக மாதத்தின் முதல் திங்களன்று உயிரோடிருக்கும் கன்றுகளின் எண்ணிக்கையைக் கேட்கட்டும். ஒரு நோட்டில் கன்றின் எண், உயரம், எந்த வகுப்பின் பொறுப்பு, பட்டிருந்தால் காரணம் (ஆடு, வறட்சி, கறையான், பந்து பட்டு முறிவு) என நான்கு பத்தி போதும். ஜூன் 5 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் அந்த நோட்டைப் பிள்ளைகளே வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.