மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

உ
விநாயகர் துணை

மாமல்லபுரம், செப்டம்பர் 2022

நம் தெருப் பிள்ளையார் கோயில் திருப்பணிக்கு வரி கொடுத்த 104 வீட்டாருக்கும், நன்கொடை தந்த சிற்பப் பட்டறைக்காரர்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த பிள்ளைகளுக்கும் குழுவின் சார்பில் வணக்கம்.

ஆகஸ்ட் 31, பிள்ளையார் சதுர்த்தியன்று அபிஷேகத்தோடும் அன்னதானத்தோடும் திருப்பணி நிறைவடைந்தது. ஆனிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தோம். ஒன்றரை மாதம் தள்ளிப்போய்விட்டது. ஏன் தள்ளிப்போனது, திட்டத்தில் இல்லாத ஒரு வேலை எப்படி உள்ளே வந்தது என்பதை உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியது செயலாளரான என் கடமை. அந்த வேலையை எதிர்த்தவன் நான். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வீட்டுக்கு 3,000 ரூபாய் வீதம் வரி வசூல் 3,12,000. பட்டறைக்காரர்கள் நன்கொடை 2,45,000. உண்டியலில் 48,500. போன திருவிழாவில் மிஞ்சிய கையிருப்பு 79,000. ஆக மொத்த வரவு 6,84,500 ரூபாய். செலவில் பெரியது மண்டபத்துத் தளம்: 2,38,000. மடைப்பள்ளிக்கு மேற்கூரை மாற்றியது 1,46,500. சுற்றுச்சுவரைப் பூசி வெள்ளையும் காவியும் அடித்தது 92,750. மழைத் தண்ணீர் தெருவில் தேங்காமல் ஓட வடிகால் 84,000. விளக்கும் வயரிங்கும் 61,000. சதுர்த்திச் செலவு 39,000. மொத்தச் செலவு 6,61,250 போக மீதி 23,250 ரூபாய் வங்கிக் கணக்கில் இருக்கிறது. கருவறையில் கை வைக்காததால், சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கும் பாலாலயம் வேண்டியிருக்கவில்லை. ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இனி தாமதத்துக்கு வருகிறேன்.

உலக நாடுகளின் அணிகள் மோதும் 44-வது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. பிப்ரவரியில் உக்ரைன் மேல் போர் தொடங்கியதும் உலகச் செஸ் கூட்டமைப்பு அதை அங்கிருந்து எடுத்துவிட்டது. மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது. ஆட்டம் நடக்கும் இடம் நம் பூஞ்சேரி. ஜூலை 28-ல் தொடக்கம்; கையில் இருந்ததோ நான்கே மாதம். இருக்கும் அரங்கு போதாதென்று பக்கத்திலேயே புதிதாக இன்னொரு பெரிய அரங்கு எழுப்பினார்கள். சாலை போட்டார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், சுவரெல்லாம் வண்ணம் தீட்டினார்கள். இத்தனைக்கும் ஆள் எங்கிருந்து வருவார்கள்? நம் மண்டபத்துத் தள வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் மே மாதம் பாதித் தளத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆட்களோடு அந்தப் பக்கம் போய்விட்டார். எம் சாண்ட் லாரி வருவது நின்றது. ஜல்லி விலை ஏறியது. பிள்ளையாருக்கு முன்னால் ஒரு மாதம் பள்ளமாகவே கிடந்தது. காலையில் கற்பூரம் காட்ட வந்தவர்கள் பலகையில் கால் வைத்துத்தான் உள்ளே போனார்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. 2019 அக்டோபரில் இந்தியா, சீனா இரண்டு நாட்டுத் தலைவர்கள் வந்து அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதத்தையும் பார்த்துவிட்டுப் போனபோதும் ஊர் இப்படித்தான் பளபளத்தது. அந்த நாட்களில் நம் கடைகள் அடைத்துக் கிடந்தன, மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. பிறகு கொரோனா. இரண்டு வருஷம் வெளிநாட்டார் முகத்தையே பார்க்கவில்லை. செதுக்கி வைத்த சிலைகள் பட்டறை வாசலில் தூசு பிடித்து நின்றன. இப்போது அரசு 90 கோடிக்கு மேல் ஒதுக்குகிறது, தெருவில் தேங்கும் தண்ணீருக்கு நாம்தான் வீட்டுக்கு 3,000 எடுத்து வைக்கிறோம். ஆடுகிறவர்களை ஹோட்டலில் ஏற்றிப் பஸ்ஸில் அரங்கத்தில் இறக்குவார்கள், திரும்பவும் ஏற்றிப் போவார்கள். நமக்கு இதில் என்ன இருக்கிறது? இதைத்தான் ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமைக் குழுக் கூட்டத்தில் சொன்னேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரு காகிதத்தோடு வந்திருந்தார்கள். தளம் எப்படியும் தோண்டித்தானே கிடக்கிறது, திரும்பப் போடும்போது மண்டபத்து நடுவில் எட்டடிக்கு எட்டடி சதுரங்கக் கட்டம் பதித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். கருங்கல் 32, வெள்ளைக் கல் 32. கல்லைப் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளிலிருந்து தாங்களே சேர்த்துத் தருவார்களாம். கோயிலுக்குச் செலவில்லை. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து ஆடலாம், பெரியவர்களும் ஆடலாம் என்றார்கள்.

கோயில் மண்டபம் விளையாட்டுத் திடல் இல்லை என்றேன். இரண்டு வாரத்தில் ஓய்ந்துபோகும் ஆர்ப்பாட்டத்துக்காக நூறு வருஷம் இருக்கப்போகும் தளத்தை மாற்றக் கூடாது என்றும் சொன்னேன். அப்போது குழுவின் மூத்த உறுப்பினரான அம்மாள் ஒருவர் பேசினார். அவர் பிறந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். திருப்பூவனூரில் சாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளாகப் பிறந்த அம்பாளோடு சதுரங்கம் ஆடி ஜெயித்துத்தான் கைப்பிடித்தார். அப்பர் சுவாமி பாடிய தலம். “அப்பன் ஆடின ஆட்டத்தைப் புள்ள மண்டபத்துல ஆடினா என்னய்யா தப்பு?” என்று கேட்டார். ஏழுக்கு நான்கு என்று தீர்மானம் நிறைவேறியது. தீர்மானப் புத்தகத்தில் “செயலாளர் உடன்படவில்லை” என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது. அதை அடிக்க வேண்டாம் என்று நானே குழுவிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒப்பந்தக்காரர் விட்டுப்போன வேலையை நம் தெரு ஸ்தபதிகள் ஆறு பேர் முறை வைத்து எடுத்தார்கள். அந்த ஆறு பேருக்கும் உறுப்பினர்கள் நன்றி சொல்ல வேண்டும். பகலில் தங்கள் பட்டறை வேலையை முடித்துவிட்டு ராத்திரி விளக்குப் போட்டுச் செய்தார்கள். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, அறுபத்துநாலு கல்லும் ஒரு நூல்கூட ஏறாமல் இறங்காமல் உட்கார்ந்தது. வெறுங்காலோடு நடந்து பாருங்கள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் தட்டாது. வேலை எனக்குப் பிடித்திருந்தது. காரணம்தான் பிடிக்கவில்லை.

ஜூலை கடைசியில் ஊரே மாறிப்போனது. போகும் வழியெல்லாம் வேட்டி சட்டை கட்டிக் கைகூப்பி நிற்கும், போட்டியின் சின்னமான ‘தம்பி’க் குதிரை. சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்துவிட்டார்கள் என்று படம் காட்டினார்கள். பொது அணிப் பிரிவில் 188 அணி, பெண்கள் பிரிவில் 162 அணி. இந்தியாவில் அதற்கு முன் ஒரு தடவைகூட நடக்காத போட்டி. நம் பிள்ளைகள் சிலர் தொண்டர்களாகச் சேர்ந்து அடையாள அட்டையோடு திரிந்தார்கள். நான் ஒதுங்கியே இருந்தேன்.

ஆகஸ்ட் 4 ஆட்டத்துக்கு விடுமுறை நாள். ஆடுகிறவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்தார்கள். சாயங்காலம் உளிச் சத்தம் கேட்டு நம் தெருவுக்குள்ளும் சிலர் நுழைந்துவிட்டார்கள். ஆப்பிரிக்க நாட்டு அணிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் மண்டபத்தின் முன் நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டத்தைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குள் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகச் செதுக்கிய காய்களில் பாதிதான் முடிந்திருந்தன. சிப்பாய் 16-ம் தயார். யானை நாலும் தயார் (கோட்டையா யானையா என்று ஒரு வாரம் தகராறு நடந்தது, ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் யானை நிற்கும் ஊரில் கோட்டை எதற்கு என்று முடிவானது). ராஜாவும் ராணியும் மந்திரியும் அரைகுறை. குதிரை மட்டும் இல்லை. குதிரை நிற்க வேண்டிய நாலு கட்டத்திலும் பிள்ளைகள் செதுக்காத கல்துண்டை வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண்கள் அதையே குதிரையாக வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆடினார்கள். ஒரு மணி நேரம் போனது. பேச்சே இல்லை, கை காட்டல்தான், சிரிப்புதான். மொட்டைக் கல் இரண்டு கட்டம் நேரே போய் ஒரு கட்டம் திரும்பி உட்கார்ந்ததை நான் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் குதிரை செதுக்குகிற கை என் அப்பாவுடையது, பிறகு என்னுடையது. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. உடன்படவில்லை என்று நான் எழுதியிருந்ததை மதித்து அந்த நாலு இடத்தையும் காலியாக விட்டிருக்கிறார்கள். அது என்னைச் சுட்டது.

அன்று ராத்திரியே கல் தேடினேன். தட்டிப் பார்த்து மணி போல ஒலித்த கருங்கல்லில் இரண்டு, வெள்ளையில் இரண்டு.

மறுநாள் முதல் சாயங்காலங்களில் என் உளியும் மண்டபத்திலேயே இருந்தது. ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டி அதில் நேரலை காட்டினார்கள். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடிச்சு அவிழும். போட்டியை நடத்தும் நாடு என்பதால் நமக்குக் கூடுதல் அணிகள் உண்டு என்பதும், அந்த இரண்டாம் அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, அதிபன் என்று மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 6-ல் அந்த அணி அமெரிக்காவை 3-1 என்று வென்றது. குகேஷ் கருவானாவை வீழ்த்தினார். தொடர்ந்து எட்டாவது வெற்றி, வயது 16. கல்தூசி படிந்த கைகளோடு நின்ற கூட்டம் போட்ட சத்தத்தில் கோயில் புறாவெல்லாம் பறந்தது.

பெண்கள் வந்தது வேறு ஒருவருக்காக. நம் பெண்கள் அணியின் துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து உட்கார்ந்து ஆடுகிறார் என்று தெரிந்ததும் நம் வீட்டுப் பெண்கள் சமையலை முடித்துவிட்டு மண்டபத்துக்கு வரத் தொடங்கினார்கள். ஆட்டம் புரிந்ததோ இல்லையோ, அவர் முகம் திரையில் வந்தால் பேச்சு நின்றுவிடும். நல்லபடியாக இருக்கணும் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்கள். உண்டியலில் அந்த வாரம் வந்ததும் மேலே சொன்ன கணக்கில் சேர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 8, பத்தாவது சுற்று, உஸ்பெகிஸ்தானோடு. குகேஷ் எதிரே அப்துசத்தோரோவ். வெகுநேரம் நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தை, கடிகாரம் நெருக்கிய வேளையில் ஒரே நகர்த்தலில் இழந்தார். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைத் திரையில் பார்த்தோம். யாரும் திட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த மூத்த ஸ்தபதி மட்டும் மெல்லச் சொன்னார்: “மாசக்கணக்கா செதுக்கிட்டு, மூக்கு நுனியில கடைசி அடியில சில்லு தெறிக்கிறது நமக்குத் தெரியாததா.” இந்த ஆட்டம் நமக்கும் சொந்தம்தான் என்று நான் ஒப்புக்கொண்டது அந்த வார்த்தையில். கல்லில் இறங்கிய உளியைத் திரும்ப எடுக்க முடியாது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். அந்தப் பிள்ளை மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்பவும் வந்து உட்கார்ந்தார்.

9-ஆம் தேதி உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், அர்மேனியாவுக்கு வெள்ளி, நம் இரண்டாம் அணிக்கு வெண்கலம். முதல் பலகையில் ஆடியவர்களில் தனிநபர் தங்கம் குகேஷுக்கு, இரண்டாம் பலகையில் அதே அணியின் நிஹால் சரினுக்கு. பெண்கள் பிரிவில் தங்கம் உக்ரைனுக்குப் போனது. போரில் இருக்கும் நாட்டுப் பெண்கள் நம் பூஞ்சேரியில் ஜெயித்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. நம் பெண்கள் கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தோடு நின்றார்கள். ஹரிகாவுக்கும் கழுத்தில் பதக்கம் விழுந்தது.

நான்கு குதிரைகளும் ஆகஸ்ட் 20-ல் முடிந்தன. கூலி எழுதவில்லை, கல் பட்டறை மிச்சம். கட்டத்துக்கும் காய்களுக்கும் கோயில் பணத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்பதைக் குழு உறுதி சொல்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வடிகால் வடக்கு முனையில் வாட்டம் சரியாக இல்லை. ஐப்பசி மழைக்கு முன் சரிசெய்ய மீதித் தொகையிலிருந்து 15,000 வரை செலவிட அனுமதி கேட்கிறோம். மடைப்பள்ளிப் புகைபோக்கி இன்னும் உயர வேண்டும். பட்டறைக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்து குவியும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். இரண்டு மூன்று பேருக்குத்தான் வந்தது. விட்டுப்போன ஒப்பந்தக்காரர் திருப்பித் தர வேண்டிய முன்பணம் 12,000 இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். வந்தால் அது மேலே சொன்ன மீதியோடு சேரும்.

மண்டபம் தினமும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும். சாயரட்சை பூஜை நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திக் காயை அப்படியே விட்டு எழுந்திருக்க வேண்டும்; பூஜை முடிந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். வெள்ளைச் சிப்பாய் ஒன்று விளிம்பு உடைந்திருக்கிறது, மாற்றிச் செதுக்கத் தந்தாயிற்று. கனமான காய்களைச் சின்னப் பிள்ளைகள் தனியாகத் தூக்க வேண்டாம்.

பொதுக்குழு செப்டம்பர் 25, ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூடும். கணக்கு நோட்டும் தீர்மானப் புத்தகமும் அங்கே வைக்கப்படும். கட்டத்தின் மேல் நாற்காலி போட வேண்டாம். ஓரமாகப் பாய் விரித்திருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்
திருப்பணிக் குழுவுக்காக