தரம் ஆய்வில் இருக்கிறது, ஆங்கிலத்தில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவியல் என்றாலே ஆங்கிலம்தான் என்ற நிலை எவ்வளவு புதியது என்பதை மறந்துவிடுகிறோம். நியூட்டன் 1687இல் ஈர்ப்பு விதியை உலகுக்குச் சொன்னது லத்தீனில். மெண்டலீவ் 1869இல் தனிம அட்டவணையை வெளியிட்டது ரஷ்ய மொழியில். ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரைகள் ஜெர்மனில். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் விஞ்ஞானிகள் சர்வதேச மாநாடுகளில் ஒதுக்கப்பட்டார்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் பலர் நாட்டையே விட்டுப் போக நேர்ந்தது. ஜெர்மன் மொழி பின்தங்க இவையெல்லாம் காரணம். ஆங்கிலம் இயல்பிலேயே அறிவியலுக்கு ஏற்ற மொழி என்று சொல்வோர் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

பொதுமொழி ஒன்று இருப்பதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டுமே படிப்பது ஆபத்து. பன்றிகளுக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றியதைச் சீன ஆய்வாளர்கள் 2004 தொடக்கத்திலேயே சீன மொழி இதழில் எழுதியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கவனத்துக்கு அது வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. கொள்ளைநோய் விஷயத்தில் அத்தனை மாதங்கள் சாதாரணமா?

நல்ல ஆய்வு, 'ஆங்கிலம் சரியில்லை' என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வருவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இதழ்கள் முதலில் கருத்தை மதிப்பிடட்டும். மொழித் திருத்தச் செலவை ஆய்வாளர் தலையில் கட்டாமல் தாங்களே ஏற்கட்டும். கட்டுரைச் சுருக்கத்தை ஆய்வாளரின் தாய்மொழியிலும் சேர்த்து வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்