ஜொமேட்டோ நிர்வாகத்துக்கு: ஏஜென்டை வேலைய விட்டுத் தூக்குறதுக்கு முன்னாடி அவங்க பக்கம் என்னன்னு கேளுங்க

அக்டோபர் 2021

ஜொமேட்டோ நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்கு வணக்கம்.

19ஆம் தேதி வெடிச்ச பிரச்சினையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆர்டர்ல ஒரு ஐட்டம் வரலன்னு தமிழ்நாட்டுக் கஸ்டமர் ஒருத்தர் ரீஃபண்டு கேட்டாரு, கடைக்காரர்கிட்ட பேச மொழி தடையா இருக்குன்னு உங்க சாட் ஏஜென்ட் சொன்னாங்க. இந்தி தேசிய மொழி, எல்லாரும் கொஞ்சமாவது தெரிஞ்சு வச்சிருக்கணும்னு உங்க ஏஜென்ட் சாட்ல சொன்னது தப்புதான். அலுவல் மொழின்னுதான் அரசியலமைப்புச் சட்டம் 343வது பிரிவுல இருக்கு, தேசிய மொழின்னு அறிவிச்சதா எந்த உத்தரவும் இல்லன்னு குஜராத் ஹைகோர்ட்டே 2010ல சொல்லியாச்சு. ரீஃபண்டு கேட்டவருக்குப் பாடம் எடுத்தா கோவம் வராம என்ன செய்யும், எனக்கும் வந்துச்சு.

ஆனா உங்களை எதிர்த்து ட்விட்டர்ல ஹேஷ்டேக் ட்ரெண்ட் ஆனதும் ஏஜென்டை வேலைய விட்டு நீக்கிட்டோம்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஊரறிய லெட்டர் போட்டீங்களே, அதைத்தான் கேக்குறேன். ஒருத்தரோட பொழப்பு போனது கஸ்டமருக்குச் சொல்ற ஆறுதலா சார்?

நானும் சாட் சப்போர்ட்ல குப்பை கொட்டினவன்தான். ஒரே நேரத்துல மூணு நாலு சாட் ஓடும், கடைக்காரர் பேசுறது நமக்குப் புரியாது, நம்ம பேசுறது அவருக்குப் புரியாது, இதுக்கு நடுவுல டீம் லீடர் வந்து இன்னும் ஏன் க்ளோஸ் பண்ணலன்னு நிப்பாரு. எங்க ஃப்ளோர்ல ஒரு பையன் கஸ்டமரை எதிர்த்துப் பேசிட்டான்னு டெர்மினேட் பண்ணாங்க. தப்பு அவன் மேலதான். ஆனா ரிலீவிங் லெட்டர் கிடையாது, அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல பழைய ஹெச்ஆர் அனுப்புற ஒத்த வரி பதில்ல கையில வந்த ஆஃபர் போச்சு. கடைசியில அந்த ரெண்டு வருஷத்தையே ரெஸ்யூம்ல இருந்து எடுத்துட்டு ஃப்ரெஷர்னு போய் உக்காந்தான், இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேட்டா முழிப்பான். அவனையாவது ரூமுக்குள்ள கூப்பிட்டு அனுப்பினாங்க, நீங்க ட்விட்டர்ல அனுப்பினீங்க.

அதே நாள்லயே உங்க நிறுவனர் தீபிந்தர் கோயல் அந்த ஏஜென்டைத் திரும்பச் சேர்த்துக்கிட்டாரு, இதுக்காக மட்டும் தூக்கியிருக்கக் கூடாதுன்னும் சொன்னாரு. சந்தோஷம். அப்போ சில மணி நேரம் முன்னாடி தூக்கும்போது அது யாருக்கும் தோணலயா? ஏஜென்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு எடுத்திருந்தா நீக்கின லெட்டரும் தேவைப்பட்டிருக்காது, திரும்பச் சேர்த்த ட்வீட்டும் தேவைப்பட்டிருக்காது. இதுல நாட்டுல சகிப்புத்தன்மை கூடணும்னு எங்களுக்கு அட்வைஸ் வேற. தமிழ்நாட்டுல விளம்பரத்துக்கு அனிருத் கிடைச்சாரு, தமிழ்நாட்டுக் கடைக்குப் போன் பண்ணிப் பேச தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் கிடைக்கல, அது யார் தப்புன்னு லெட்டர்ல ஒரு வரி இல்ல. கோயம்புத்தூர்ல தமிழ் சப்போர்ட் சென்டர் வருதுன்னு இப்போ சொல்றீங்க, இதை முதல்லயே பண்ணியிருந்தா இவ்வளவு தூரம் வந்தே இருக்காது.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். கேக்குறது இதுதான். அடுத்த தடவை ஏதாவது ட்ரெண்ட் ஆனா முதல்ல கஸ்டமர்கிட்ட கம்பெனி பேர்ல மன்னிப்பு கேளுங்க. ஏஜென்டை வேலைய விட்டு எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க பக்கம் என்னன்னு உக்கார வச்சு கேளுங்க, தப்புன்னா எச்சரிக்கை கொடுங்க, ட்ரெய்னிங் கொடுங்க, அதுக்கும் மேல எடுத்தே ஆகணும்னாலும் ஊருக்கு அறிவிக்காம பண்ணுங்க. கோயம்புத்தூர் சென்டர்ல சேரப் போற பசங்களுக்கு இதை எழுத்துல கொடுத்தீங்கன்னா ரொம்ப நன்றியா இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் சாட் ஏஜென்ட் ஒருத்தன்