கேமரா விமர்சனத்தில் சென்சாரின் வேகத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டையும் காட்டுயிர்களையும் படமெடுக்க விரும்புவோருக்கு ஏற்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் வசதி நடுத்தர விலைக் கேமராக்களுக்கும் வந்துவிட்டதால், கேமரா தானே கூர்மையைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோஃபோகஸைப் பொறுத்தவரை அவற்றுக்கும் விலை உயர்ந்தவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அதை நம்பி லட்சக்கணக்கில் செலவழிக்கப்போகும் வாசகர்கள் இருப்பார்கள் என்பதால், கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றை, அதாவது ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சென்சாரின் வேகத்தை, எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

கண்ணாடி வைத்த பழைய வகையான டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸை அளப்பதற்கென்றே தனியாக ஒரு சென்சார், கண்ணாடிக்குக் கீழே இருக்கும். மிரர்லெஸ்ஸில் அந்த வேலையையும் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரே பார்த்துக்கொள்கிறது. லென்ஸுக்கு லென்ஸ் ஃபோகஸ் சற்று முன்னேயோ பின்னேயோ விழுவதும், அதை மெனுவுக்குள் போய்ச் சரிசெய்துகொண்டிருந்ததும் இதனால்தான் பெரும்பாலும் ஒழிந்தன. படத்தின் நடுப்பகுதியில் மட்டும் நெருங்கிக் கிடந்த ஃபோகஸ் புள்ளிகள் ஓரம்வரை பரவியதற்கும் இதுவே காரணம். ஆனால் ஒரே சென்சார் படத்தையும் எடுத்து, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குக் காட்சியையும் அனுப்பி, ஃபோகஸையும் அளக்க வேண்டியிருப்பதால், அது தன்னிடம் விழுந்த காட்சியை எவ்வளவு விரைவாக வரிவரியாகப் படித்து முடிக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன.

2017இல் சோனி ஏ9 வெளிவந்தபோது, நொடிக்கு 20 படங்கள் எடுத்துக்கொண்டே நொடிக்கு 60 முறை ஃபோகஸைக் கணக்கிட்டதும், அப்போதும் வியூஃபைண்டர் இருளாமல் இருந்ததும் விளையாட்டுப் படக்காரர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தன. நினைவகத்தையும் சேர்த்து அடுக்காகக் கட்டிய ஸ்டாக்டு சென்சாரால்தான் அது முடிந்தது. 2021இல் வந்த நிக்கான் இசட்9, திறந்து மூடும் திரையான மெக்கானிக்கல் ஷட்டரையே கைவிடும் அளவுக்கு விரைவானது; ஒரு படத்தை ஏறத்தாழ 1/270 நொடியில் அதன் சென்சார் படித்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வந்த கேனான் ஆர்7 கேமராவிலும் பறவைக் கண்ணைத் தேடும் வசதி உண்டு, அந்தத் திரை இல்லாமல் சென்சாரைக் கொண்டே படமெடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படங்களும் உண்டு. ஆனால் அதன் சென்சார் ஸ்டாக்டு வகை அன்று, ஒரு படத்தைப் படிக்க 1/30 நொடியை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. விளம்பரத் தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்.

களத்தில் இந்த வேறுபாடு எங்கே வெளிப்படுகிறது என்றால், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக் கருவேல மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையிடம் அன்று. அவ்வளவு பெரிய உடலோடு நிதானமாக வந்திறங்கும் பறவையை இன்றைய எந்த மிரர்லெஸ்ஸும் விடாமல் பிடித்துக்கொள்ளும்; குறுக்கே முள் கிளை வந்தாலொழியச் சிக்கல் இல்லை. அதே நீர்ப்பரப்பின் மேல் குளிர்காலத்தில் பறக்கும் மீசை ஆலா என்ற சிறு நீர்ப்பறவையைத் தொடர்ந்து பார்க்கட்டும். நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வரும் பறவை, 1/30 நொடிக்குள் ஓர் அடிக்கு மேல் நகர்ந்துவிடும். தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 500 மிமீ எஃப்/4 லென்ஸில், 15 மீட்டர் தொலைவில் கூர்மையாக விழும் ஆழமோ ஒரு சாண்தான். பறவை நேராக வந்தால் அடுத்து எங்கே இருக்கும் என்று கேமரா கணித்து இடைவெளியைச் சமாளித்துவிடும். ஆலாவோ தண்ணீரில் பூச்சியைக் கண்டதும் சட்டென்று திரும்பிக் கீழே இறங்கும். அந்தத் திருப்பத்தில்தான் மெதுவான சென்சார் கோட்டைவிடுகிறது. பறவையின் கண்மீது சிறு கட்டம் ஒட்டிக்கொண்டிருப்பது வியூஃபைண்டரில் தெரிந்தும், வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கூர்மை இறக்கை நுனியில் விழுந்திருக்கும். வியூஃபைண்டரில் நாம் பார்ப்பதே சற்று முந்தைய காட்சி என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கபடி இன்னொரு வகையான சோதனை. பாடிச் செல்பவரின் முதுகுதான் பெரும்பாலும் நமக்குத் தெரியும்; அவரைச் சூழ்ந்து நிற்கும் ஏழு பேரின் முகங்களோ கேமராவை நோக்கியிருக்கும். முகத்தைத் தேடும் கேமரா எங்கே தாவும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இடத்தில் விலை உயர்ந்த கேமராவும் தடுமாறுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முகம் தேடுவதை அணைத்துவிட்டு, சிறிய ஃபோகஸ் வட்டத்தைப் பாடுபவரின் முதுகில் வைத்துத் தொடர்வதே இன்றும் கைகொடுக்கும் வழி. 2024இல் கேனான் ஆர்1, ஆர்5 மார்க் 2 ஆகியவற்றுடன் ஆட்டத்தின் போக்கை அறிந்து முக்கியமான வீரரைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தபோது, அது கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் கைப்பந்துக்கும்தான் வந்தது. நம் ஊர் ஆட்டத்தை யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. உள்ளரங்கின் எல்இடி விளக்குகளில் மெதுவான சென்சாரின் எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும், கிரிக்கெட்டிலோ, சென்சார் வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் நகர்ந்துவிடும் மட்டையே படத்தில் வளைந்து நிற்கும். எனவே அத்தகைய கேமராவை வாங்குபவர் மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்ப வேண்டியிருக்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 30 படங்கள் அவருக்குப் பயன்படாது.

நடுத்தர விலைக் கேமராக்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிளையில் அமர்ந்திருக்கும் பறவைக்கும் மேயும் மானுக்கும் பள்ளி விளையாட்டு விழாவுக்கும் அவை தாராளமாகப் போதும். ஆனால் நிக்கான் டி500 போன்ற 2016ஆம் ஆண்டின் டிஎஸ்எல்ஆரை வைத்துப் பறக்கும் பறவைகளை நன்றாகவே எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், கட்டுரையை நம்பி அதை விற்றுவிட்டு மாறினால் ஏமாற வாய்ப்புண்டு. அவர் முதலில் புதியதை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, தான் வழக்கமாகப் போகும் குளத்திலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

தங்கள் இதழில் இனி வரும் கேமரா விமர்சனங்களில் ஃபோகஸ் புள்ளிகளின் எண்ணிக்கையோடு, சென்சார் ஸ்டாக்டு வகையா இல்லையா, ஒரு படத்தைப் படிக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பவற்றையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சோதனைப் படங்களாக, அசையாமல் நிற்கும் மாடலின் முகத்துக்குப் பதில், திரும்பிப் பறக்கும் ஒரு பறவையைத் தொடர்ச்சியாக எடுத்த இருபது படங்களை, தவறியவற்றையும் நீக்காமல், அப்படியே வெளியிட்டால் வாங்க நினைப்பவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி