நெற்றிக் கோட்டுக்கு ஊசி கேட்ட மகளுக்கு

அன்புள்ள அம்முணிக்கு,

நெற்றியில் கோடு தங்காமல் இருக்க போடாக்ஸ் ஊசியை இப்போதே தொடங்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதும், "இருபத்தேழு வயசுல மூஞ்சிக்கு ஊசியா?" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது அதே மருந்தை எத்தனை தடவை டாக்டர் கையில் எடுத்துக் கொடுத்திருப்பேன்! நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதை இப்போது எழுதுகிறேன்.

காங்கேயத்துப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா வருவார்கள். இரண்டு கண்ணும் தானாக இறுக மூடிக்கொள்ளும். பஸ்ஸை விட்டு இறங்கினால் இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைத் தாண்டணும். பொடியாக வரும் அந்தக் குப்பியில் சலைனை விட்டு, குலுக்காமல் மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரைப்போம். இமையைச் சுற்றிச் சின்னச் சின்னதாக டாக்டர் போடுவார். அடுத்த முறை அந்தப் பெரியம்மா மகன் துணையில்லாமல் தனியாக வந்து நின்றார்கள். நாலு மாதம் போனால் மறுபடி இறுக்கம் வரும், மறுபடி ஊசி. அதனால் இதை நான் விஷம் என்று சொல்ல மாட்டேன். விஷத்திலிருந்து எடுத்ததுதான், ஆனால் அளவாகப் போட்டால் நரம்பு தசைக்குச் சொல்லும் சேதியை மட்டும் கொஞ்ச காலம் தடுக்கும், அவ்வளவுதான்.

முதலில் இது கண்ணுக்கு வந்த மருந்து. மாறுகண்ணுக்கும் இந்த இமை இறுக்கத்துக்கும் அமெரிக்காவில் 1989-ல் அனுமதி கொடுத்தார்கள். கனடாவில் வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் டாக்டரம்மா இமைக்குப் போட்டபோது புருவத்துக்கு நடுவில் இருந்த கோடும் மறைவதைப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் தோல் டாக்டர். இரண்டு பேரும் சேர்ந்து 1992-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். புருவக் கோட்டுக்கென்று அமெரிக்காவில் அனுமதி வந்தது 2002-ல்.

சரி, நீ கேட்டது எப்போது தொடங்குவது என்று. திங்கட்கிழமை பீரோவைத் திறந்து ஆத்தாவின் கூறைப்புடவையை எடுத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் மடிப்பு மாற்றி வைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நீ பிறந்த சமயத்தில் நாலைந்து வருஷம் அதைத் தொடவே முடியவில்லை. அந்த மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் பட்டு நூல் விட்டு, விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. நெற்றியிலும் அப்படித்தான் நடக்கிறது. முகம் சுளிக்கும்போது வரும் கோடு, சுளிப்பை விட்டதும் போய்விடும். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக மடிந்தால், சும்மா இருக்கும்போதும் போகாமல் தங்கிவிடும். தங்கிய பிறகு ஊசி போட்டால் கோடு குறையும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே போடச் சொல்பவர்கள் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரிகளைப் பற்றி 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒருத்தி 13 வருஷம் விடாமல் போட்டுக்கொண்டாள், இன்னொருத்தி இரண்டே தடவை. விடாமல் போட்டவளுக்குக் கோடு தங்கவில்லை. ஆனால் அது ஒரே ஒரு ஜோடி, அம்முணி.

அந்த 13 வருஷத்தை உனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை போட்டால் மூன்று நான்கு மாதம்தான் நிற்கும். வருஷத்துக்கு மூன்று என்று வைத்தாலும், நாற்பது வயதுக்குள் 39 தடவை. நடுவில் கல்யாணம், பிள்ளை என்று வந்தால், வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் போடக் கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள்.

அதனால் வயதை வைத்து முடிவு பண்ணாதே. காலையில் ஜன்னல் பக்கம் கண்ணாடியை வைத்து, முகத்தைத் தளர்த்திவிட்டுப் பார். கோடே தெரியவில்லையென்றால் இப்போதைக்கு அந்த ஊசிக்கு உன் முகத்தில் வேலை இல்லை. லேசாகத் தங்க ஆரம்பித்திருந்தால் அப்போது தோல் டாக்டரிடம் போய்க் கேள். நான் குறுக்கே நிற்க மாட்டேன், கூடவே வருகிறேன். ஆனால் மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்று நீ விசாரித்த இடத்தில் சொன்னார்களாமே, அங்கே மட்டும் வேண்டாம். மருந்துக்கு எதற்கு ஆடித் தள்ளுபடி? வேறெங்கோ போட்டுக்கொண்டு, ஒரு பக்க இமை தொங்கிப்போய் எங்களிடம் வந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். மருந்து கொஞ்சம் கீழே இறங்கிவிட்டால் அப்படி ஆகும். சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு இருபது நாளில் முகூர்த்தம். அவள் அழுத அழுகை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அப்புறம் வெயில். மாசியில் மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போடும்போது ஆத்தா துண்டை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொள்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு சன்ஸ்கிரீன் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 900 பேருக்கு மேல் வைத்து நாலரை வருஷம் பார்த்தார்கள். தினமும் தடவியவர்களுக்குத் தோல் முதிர்வது 24 சதவீதம் குறைவு என்று 2013-ல் வெளியிட்டார்கள். ஸ்கூட்டியில் ஆபீஸ் போகிறவள் நீ, தினமும் தடவு.

இதையெல்லாம் எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. வீடியோ காலில் பேசும்போது நீ திரையைப் பார்த்துப் புருவத்தை இடுக்குவதை இரண்டு மாதமாகப் பார்க்கிறேன். உன் கண்ணாடி எங்கே என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் யோசித்தேன். போன தையில் பொண்ணு பார்க்க வந்தபோது, "கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு வா சாமி" என்று சொன்னது நான். நீ ஒன்றும் பேசாமல் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, தட்டுத் தடுமாறிக் காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் ஒரு போட்டோவில்கூட நீ கண்ணாடியோடு இல்லை. இத்தனை வருஷம் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் பெற்ற மகளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது.

பவர் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? இந்த சனிக்கிழமையே போய்ப் பார்த்துப் புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள். பணம் நான் அனுப்புகிறேன். நாலு மாதம் அதைப் போட்டே வேலை பார். பாரியூர் அம்மன் கோயில் நோம்பிக்கு வருவாய் அல்லவா, வாசல் திண்ணையில் உட்கார்ந்து உன் நெற்றியை நானே பார்க்கிறேன். அப்போதும் உனக்கு வேண்டும் என்று பட்டால் கோயமுத்தூரில் நல்ல தோல் டாக்டராகப் பார்த்துப் போவோம். அது வரைக்கும் யாருக்கும் முன்பணம் கட்டாதே.

கண்ணாடி வாங்கியதும், போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பெண் கேட்டு வருகிறவர்களுக்கு இனிமேல் அந்தப் போட்டோவைத்தான் கொடுப்பேன்.

அம்மா,
கோபிசெட்டிபாளையம்.