முதலில் பால் வண்டி மலையேறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்குடிப் பெண்களுக்குக் கறவை மாடு கொடுக்கும் திட்டங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல திட்டம்தான். ஆனால் மாடு வந்த பிறகு கறக்கிற பால் எங்கே போகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

எங்கள் கோபி, சத்தியமங்கலம் பக்கம் கட்டுத்தரையில் இரண்டு மாடு நின்றால் வீட்டுச் செலவு பெருமளவு ஓடிவிடும். நடக்கிற தூரத்தில் பால் கூட்டுறவுச் சங்கம், அதாவது சொசைட்டி, இரண்டு வேளையும் பால் எடுக்கிறார்கள், கொழுப்பும் திடச்சத்தும் பார்த்து விலை போடுகிறார்கள். எங்கள் ஈரோடு மாவட்டத்துக் கடம்பூர், பர்கூர் மலைகளில் உள்ளடங்கிய ஊர்களில் வாழும் ஊராளி, சோளகர் பழங்குடிப் பெண்களுக்கு இந்த வசதி வேண்டாமா? கறந்த பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். 4 டிகிரிக்குக் குளிர்விக்கும் தொட்டி பக்கத்தில் இல்லையென்றால் வியாபாரி சொல்வதுதான் விலை. 2023 டிசம்பரில் ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் கூடி, பசும்பால் 38 ரூபாய் ஆனது. சொசைட்டி இல்லாத ஊருக்கு அந்த 3 ரூபாய் எப்படிப் போய்ச் சேரும்?

அப்புறம் தீவனம். கலப்பின மாட்டுக்குப் புண்ணாக்கும் பசுந்தீவனமும் குறையாமல் வேண்டும். அந்த மலையின் நாட்டு மாடான பர்கூர் மாடு கொஞ்சமாகத்தான் கறக்கும், ஆனால் காட்டு மேய்ச்சலிலேயே வளர்ந்த இனம். அந்த மேய்ச்சலுக்கே இப்போது சிக்கல். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். பர்கூர்ப் பக்கம் 2024இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட காடுகளில் கால்நடை மேய்க்க உயர் நீதிமன்றம் 2022இல் தடை விதித்தது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே ஏற்கிறது. நில உரிமையையும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத் தரச் சொல்கிறது. கிராம சபை வழியாக இந்த உரிமைகளை முடித்துக் கொடுக்காமல் மாட்டை மட்டும் கொடுத்தால், தீவனக் கடன்தான் அந்தப் பெண் தலையில் விழும்.

சமூகத் தொழில்முனைவு, அதாவது ஊரார் சேர்ந்து நடத்தும் தொழில், என்று கட்டுரை அழகாகச் சொல்கிறது. சரி, சங்கம் யாருடையது? மலைக் கிராமங்களுக்கென்று மகளிர் பால் கூட்டுறவுச் சங்கம் வேண்டும். உறுப்பினர் அட்டை, பால் பணம் ஏறும் வங்கிக் கணக்கு, நிர்வாகக் குழு எல்லாம் அந்தப் பெண்கள் கையில் இருக்க வேண்டும். பாலைச் சோதித்துக் கணக்கு எழுதும் வேலைக்கும் அந்த ஊர்ப் பெண்ணையே பழக்கலாம். அடுத்த முறை மாடு வழங்குமுன் ஈரோடு மாவட்ட நிர்வாகம் பால் வண்டி வழித்தடத்தை முடிவு செய்யட்டும்.

உங்கள் நிருபரை ஒருமுறை மலைக்கு அனுப்புங்கள். ஒரு லிட்டருக்குக் கையில் என்ன வருகிறது என்று அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்